வேவு மென்பொருளைத் தடுக்கச் சட்டம் வேண்டுமா, தொழில்துறை விதி போதுமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: போன் என் கணவர் வாங்கிக் கொடுத்தது. யாரிடம் பேசினேன், எங்கே போனேன் என்பதெல்லாம் அவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கேட்டால் "என் காசில் வாங்கிய போன்தானே" என்கிறார். இது குற்றம் இல்லையா? (வாசகி, ஈரோடு)

பதில்: குற்றம்தான். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் கண்காணிப்பது பின்தொடர்தல் குற்றம் என்கிறது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளும் இருக்கின்றன. அனுமதியில்லாமல் ஒரு கருவிக்குள் மோசடியாக நுழைந்து தகவல் எடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சிக்கல் அந்த "அனுமதி"யில் இருக்கிறது. உரிமையாளரோ, கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரோ அனுமதிக்காமல் செய்தால்தான் 43-ஆம் பிரிவு பாயும். பில் கணவர் பெயரில் இருந்தால், "நான்தான் உரிமையாளர்" என்று வாதாட அவருக்கு இடம் கிடைக்கிறது. யார் காசில் வாங்கினார்கள் என்பதைச் சட்டம் ஏன் பார்க்க வேண்டும்? போனை அன்றாடம் பயன்படுத்துபவருக்குத் தெரியாமல் வேவு மென்பொருளை, அதாவது ரகசியமாகக் கண்காணிக்கும் ஆப்பை, வைத்தார்களா என்று மட்டும் பார்த்தால் போதும். நம் சட்டத்தில் முதலில் வர வேண்டிய திருத்தம் இதுதான்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: இந்த மாதிரி ஆப்களை வைப்பவர்கள் போனைச் சில நிமிடம் கையில் வாங்கி, பிளே புரொடெக்டை (ஆபத்தான ஆப்களைக் கண்டுபிடிக்கும் கூகுள் வசதி) அணைத்து, அக்செசிபிலிட்டி அனுமதியை (திரையில் இருப்பதை ஆப் படிக்க விடுவது) கொடுத்து, ஐகானை மறைத்துவிடுவார்கள். செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி பகுதியைத் திறந்து பாருங்கள். "சிஸ்டம் சர்வீஸ்" மாதிரி பொதுவான பெயரில் ஏதாவது ஆன் ஆகியிருக்கலாம். இருந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். அழித்தால் வைத்தவருக்குத் தெரிந்துவிடும், சான்றும் போய்விடும். வேறு ஒருவர் போனில் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அவருடைய போனிலிருந்தே 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: கடன் ஆப் ஒன்று என் காண்டாக்ட் லிஸ்டை எடுத்து, உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்தியது. நானே "அலவ்" கொடுத்தேன் என்பதால் புகார் செய்ய முடியாதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல், காண்டாக்ட், கால் லாக், போனில் உள்ள கோப்புகள் எதையும் கடன் ஆப்கள் தொடக்கூடாது என்றது; 2025-இல் அதற்குப் பதிலாக வந்த விதிகளும் அதையே சொல்கின்றன. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றை வாடிக்கையாளர் சேர்ப்புக்காக ஒருமுறை, வெளிப்படையான சம்மதத்தோடு கேட்கலாம், அவ்வளவுதான். 2023-இல் கூகுளும் தன் பிளே ஸ்டோர் விதியை மாற்றி, தனிநபர் கடன் ஆப்கள் காண்டாக்டையும் படங்களையும் எடுப்பதைத் தடுத்தது. ரிசர்வ் வங்கியின் விதி வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது, ஸ்டோரின் விதி ஆப்பையே கடையிலிருந்து தூக்குகிறது. இரண்டும் சேரும்போதுதான் பிடி இறுகுகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆப்பை நிறுவும் கோப்பு) நேராகப் போனில் ஏற்றினால் ஸ்டோர் விதி உங்களைக் காப்பாற்றாது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்து இன்றே புகார் கொடுங்கள்.

கேள்வி: வேவு மென்பொருளுக்கென்றே தனிச் சட்டம் போட்டால் என்ன? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: அமெரிக்காவில் முயன்று பார்த்தார்கள். 2004 தொடங்கி பிரதிநிதிகள் சபை இதற்கான மசோதாக்களை மீண்டும் மீண்டும் நிறைவேற்றியது, செனட்டைத் தாண்டவில்லை. எது வேவு மென்பொருள், எது விளம்பர மென்பொருள் என்று வரையறுப்பதிலேயே இழுபறி. அந்த வரையறையை 2005-இல் எழுதியது ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் நுகர்வோர் அமைப்புகளும் சேர்ந்த ஆன்டி-ஸ்பைவேர் கூட்டணி. சரி, அப்படியானால் தொழில்துறையே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. ஜாங்கோ என்ற விளம்பர மென்பொருள் நிறுவனம், தன் மென்பொருளைத் தடுத்ததற்காக ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கை மீது வழக்கே போட்டது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கை பக்கம் நின்றது, 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருந்த பாதுகாப்பினால்தான். தடுப்பவருக்குச் சட்டத்தின் துணை இல்லாவிட்டால், எந்த நிறுவனம் துணிந்து தடுக்கும்?

இன்னொன்று. 2021-இல் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி, ஸ்பைஃபோன் என்ற வேவு ஆப் நிறுவனத்தையும் அதன் தலைவரையும் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே விலக்கி வைத்தது. தனிச் சட்டம் எதுவும் இல்லை, நியாயமற்ற வணிகத்தைத் தடுக்கும் பழைய பொதுச் சட்டமே போதுமானதாக இருந்தது. அதை எடுத்துப் பயன்படுத்த ஓர் ஆணையம் இருந்தது, அதுதான் முக்கியம். நமக்கும் முதலில் அப்படி ஓர் அமைப்புதான் வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகனின் போனில் கண்காணிப்பு ஆப் போடுவதும் தவறா? (தாய், நாகர்கோவில்)

பதில்: அவனுக்குச் சொல்லிவிட்டுப் போடுங்கள். பிளே ஸ்டோர் விதியும் அதையே கேட்கிறது: ஆப் தன்னை மறைக்கக்கூடாது, அறிவிப்பு எப்போதும் திரையில் இருக்க வேண்டும்.

கேள்வி: அரசே பெகாசஸ் மாதிரி வேவு மென்பொருளைப் பயன்படுத்தினால், சட்டம் இருந்து என்ன பயன்? (வாசகர், சென்னை)

பதில்: இந்தக் கோபம் நியாயமானது. பெகாசஸ் புகாரை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அமைத்த நிபுணர் குழு 29 போன்களைச் சோதித்தது. 5 போன்களில் ஏதோ தீம்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதை நீதிமன்றமே 2022 ஆகஸ்டில் வெளிப்படையாகத் தெரிவித்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு இடைமறிக்கவும் கண்காணிக்கவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. போனுக்குள் ரகசியமாக மென்பொருளை ஏற்றலாம் என்று அதில் சொல்லப்படவில்லை. உத்தரவிடுவது உள்துறைச் செயலர், பிறகு அதைப் பரிசீலிப்பதும் அதிகாரிகள் குழுதான். எந்தக் கட்டத்திலும் நீதிபதி இல்லை. அமெரிக்காவில் வாட்ஸ்அப் நிறுவனம், பெகாசஸைத் தயாரித்த என்எஸ்ஓ மீது 2019-இல் வழக்குப் போட்டு 2024 டிசம்பரில் வென்றது. பெரிய நிறுவனத்துக்கு அது முடிந்தது. வேவு பார்க்கப்பட்ட சாதாரண ஆளுக்குத் தன் போனில் என்ன நடந்தது என்றே தெரியாதபோது எங்கே போய் வழக்குப் போடுவார்? ஆகவே புதிய சட்டத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும்: ஊடுருவும் முன் நீதிபதியின் அனுமதி, விசாரணை முடிந்ததும் சம்பந்தப்பட்டவருக்கு எழுத்து மூலம் தகவல்.