இரண்டே ரவுண்டில் சாகும் வில்லனை என்ன செய்வது?

கேள்வி: அண்ணா, வண்ணாரப்பேட்டையில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, டைஸ் உருட்டி ஆளுக்கொரு வேடமாகக் கதைக்குள் ஆடுகிற ஆட்டத்தை ஆடுகிறோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தி வில்லன்களை ஆட்டிவைக்கிறவன். ஆடுகிற நாலு பேரும் ஐந்தாவது லெவல். காசிமேடு மாதிரி ஒரு துறைமுக ஊரை அமைத்து, அதை ஆட்டிப்படைக்கிற மந்திரவாதியை வில்லனாக வைத்தேன். 2014 விதிப்புத்தகத்தில் 'மேஜ்' என்ற மந்திரவாதிக்குப் போட்டிருக்கிற பலம், மந்திரப் பட்டியல் கணக்கைத்தான் அவனுக்கு எடுத்துக்கொண்டேன். இரண்டு ரவுண்டில் ஆளையே காலி செய்துவிட்டார்கள். இப்போது அவனுடைய அண்ணன் வருகிறான் என்று கதையைத் திருப்பியிருக்கிறேன். டெலிகிராமில் ஒருவர் 'வில்லன் தந்திரங்கள்' என்று ஒரு பிடிஎஃப் 1,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: தம்பி, வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகள், மந்திரங்கள், நூற்றுக்கணக்கான அரக்கர்களின் கணக்கு எல்லாம் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணத்தை 2023 ஜனவரியில் ஆட்டத்தை வெளியிடுகிற கம்பெனிக்காரர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள். சுமார் 400 பக்கம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதிலிருந்து நாற்பது பக்கத்தை உருவி, மேலே ஒரு டிராகன் படத்தைப் போட்டு விற்கிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை, அதைக்கூட இவர்கள் மதிப்பதில்லை. இன்னொரு கூட்டம் காசு போட்டு வாங்க வேண்டிய புத்தகங்களை ஸ்கேன் செய்து விற்கிறது, அது அப்பட்டமான திருட்டு. முன்பணம் ஜிபே பண்ணச் சொல்கிற யாரிடமும் போகாதீர்கள். பள்ளிக்கூடப் பையன்கள் கைச்செலவுக்கு வைத்திருந்த காசை இப்படி இழப்பதைப் பார்த்து எனக்கு வயிறெரிகிறது.

சரி, உங்கள் வில்லன் ஏன் செத்தான்? அந்த மேஜுக்கு ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண், 40தான். ஐந்தாவது லெவலில் ஒரு ஃபயர்பால் மந்திரம் சராசரியாக 28 பாயின்ட் அடிக்கும், வாள் வைத்திருப்பவர் ஒரே முறையில் இரண்டு வெட்டு வெட்டுவார், திருடன் வேடத்தில் ஆடுகிறவர் ஒளிந்திருந்து குத்தினால் அடியோடு மேலே மூன்று டைஸ் சேரும். அவன் ஒரு முறை கையைத் தூக்குவதற்குள் இவர்கள் நாலு முறை அடித்துவிடுகிறார்கள். புத்தகமோ இவனுக்கு சிஆர், அதாவது எவ்வளவு பெரிய சவால் என்ற எண், 6 என்று போட்டு, ஐந்தாவது லெவல் ஆட்களுக்கு இவன் பெரிய சவால் என்பது போல நம்மை நம்ப வைக்கிறது. தனி ஆளாக நிற்கிற மந்திரவாதியைப் பொறுத்தவரை அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இத்தனை வருடமாக இத்தனை பேர் புலம்பியும், ஒவ்வொரு அரக்கனுக்குக் கீழேயும் 'இவன் இப்படிச் சண்டை போடுவான், இப்போது ஓடுவான்' என்று இரண்டு வரி எழுதிவைக்க புத்தகம் போடுகிறவர்களுக்கு மனசு வரவில்லை.

ஆகவே ஹிட் பாயின்ட்டை ஏற்றாதீர்கள். வில்லனைச் சண்டை நடக்கிற இடத்திலிருந்தே வெளியே எடுங்கள்.

துறைமுக ஊர் என்றீர்களே, அந்த மேஜின் பட்டியலில் ஐஸ் ஸ்டார்ம், கோன் ஆஃப் கோல்ட் என்ற இரண்டு பனி மந்திரங்களும் இருக்கின்றன. அண்ணன்காரனுக்கும் அதையே கொடுத்து, ஐஸ் வியாபாரி ஆக்கிவிடுங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். வருமானம் இருக்காது, கடன் ஏறும். தடை முடிந்ததும் அத்தனை படகும் ஒன்றாகக் கிளம்பும், அத்தனைக்கும் ஒரே நேரத்தில் ஐஸ் வேண்டும். உங்கள் கற்பனை ஊரிலும் இப்படி ஒரு தடைக்காலம் வையுங்கள். அண்ணன்காரன் சண்டைக்கே வர வேண்டாம். தம்பியின் கடன் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகட்டும், கடனைத் தள்ளி வைக்கிறேன், ஐஸும் தருகிறேன், ஆனால் என் தம்பியைக் கொன்ற நாலு பேருக்கு இந்த ஊரில் யாரும் படகு தரக்கூடாது என்று சொல்லட்டும். ஆடுகிறவர்கள் அவனை அன்றைக்கே கொன்றால் அடுத்த வாரம் மீன் அழுகும், ஊரே இவர்கள் மேல் பாயும். இப்போது அவனை அடிப்பதா வேண்டாமா என்று நாலு பேரும் தங்களுக்குள்ளேயே அரை மணி நேரம் வாதாடுவார்கள்.

ஒரு தாளில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: அவனுக்கு என்ன வேண்டும், யாரும் குறுக்கே வராவிட்டால் ஒவ்வொரு வாரமும் என்ன செய்வான், எப்போது ஓடுவான். அவனுக்கு என்ன தெரியும் என்பதிலும் கறாராக இருங்கள். ஆடுகிறவர்கள் மாடியில் உட்கார்ந்து உங்கள் காதுபடப் போட்ட திட்டம் அவனுக்குத் தெரியாது. ஏலக் கூடத்தில் அவன் ஆள் ஒருவன் நின்று கேட்டால்தான் தெரியும், அந்த ஆளை இவர்கள் பிடிக்கவும் வழி இருக்க வேண்டும்.

சண்டை வந்தே தீரும் என்றால், அறுபது அடிக்கு அப்பால் நிறுத்துங்கள். எதிராளியின் மந்திரத்தை முறிக்கிற கவுன்டர்ஸ்பெல் அறுபது அடிக்கு மேல் எட்டாது, ஃபயர்பாலோ 150 அடி போகும். பக்கத்தில் நாலைந்து அடியாட்கள் வேண்டும். 20 ஹிட் பாயின்ட்டுக்குக் கீழே போனதும் மிஸ்டி ஸ்டெப் என்ற, மாயமாக இடம் மாறுகிற மந்திரத்தைப் போட்டு முப்பது அடி தாண்டிக் கிளம்பிவிட வேண்டும், போகிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் ஜன்னல் ஓரமாகவே நிற்க வையுங்கள். மிஸ்டி ஸ்டெப் போட்ட அதே முறையில் ஃபயர்பாலும் போட 2014 விதியில் இடமில்லை. ஆடுகிறவர்கள் அதைப் பிடித்துவிட்டால் உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் நிறைய டிஎம்கள் கோட்டை விடுகிறார்கள். தந்திரமெல்லாம் புத்தி உள்ளவனுக்கு மட்டும்தான். ஐஸ் கிடங்குக்கு ஜோம்பிகளைக் காவல் வைத்தீர்கள் என்றால், அவற்றுக்கு விதிப்புத்தகம் போட்டிருக்கிற புத்தி எண் வெறும் 3. அவை சுற்றி வளைக்காது, மந்திரவாதி யார் என்று தேடாது, ஓடாது, கண்ணெதிரே இருக்கிறவன் மேல் விழும், அவ்வளவுதான். ஓநாய்க்கும் புத்தி 3தான், ஆனால் அது கூட்டமாக ஒருவனை வளைக்கும், அடி பலமாக விழுந்தால் ஓடிவிடும், ஏனென்றால் அதற்கு உயிர் பயம் இருக்கிறது. ஜோம்பிக்கு அது இல்லை. ஆக, வெறும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்த உயிருக்கு எதன் மேல் பயம் என்று பாருங்கள். ஜோம்பிக்காக யோசிக்க வேண்டியவன் அதை அங்கே நிறுத்தியவன். அது ஒரு முறைக்கு இருபது அடிதான் நகரும், மனிதர்கள் முப்பது அடி, திறந்த வெளியில் விட்டால் வீண். கிடங்கின் குறுகலான வாசலில் இரண்டை நிறுத்தினால் போதும். 22 ஹிட் பாயின்ட்தான், ஆனாலும் அதைச் சாய்க்கிற அடி விழுந்த பிறகு டைஸ் சரியாக விழுந்தால் ஒரு பாயின்ட்டோடு மறுபடி எழுந்து நிற்கும். கிரிட்டிகல் அடிக்கோ (டைஸில் உச்ச எண் விழுந்த அடி), ரேடியன்ட் என்ற தெய்வீக ஒளி வகை அடிக்கோ அப்படி எழாது. அதை ஆடுகிறவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள்.