ஸ்டெப்னிக்கு இரும்பு ரிம்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஸ்டெப்னியின் இரும்பு ரிம் வளைந்துவிட்டது. வேறு வாங்க வேண்டும். ஐந்து ஓட்டை இருந்தால் போதும்தானே?

பதில்: போதாது. அந்த ஓட்டைகளின் மையங்கள் எத்தனை மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதுதான் பிசிடி. 5×100, 5×112, 5×114.3 (முதல் எண் ஓட்டைகள், அடுத்தது பிசிடி) எல்லாமே ஐந்து ஓட்டைதான், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று சரியாக உட்காராது. கண்ணுக்கே தெரியாத வித்தியாசம்தான் ஆபத்து. 4×98 ஹப்பில், அதாவது காரில் ரிம் உட்காரும் பாகத்தில், 4×100 ரிம்மை மாட்டி நட்டை இறுக்கினால் ஏறியதுபோலத்தான் இருக்கும். உண்மையில் நட் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், ஓட ஓடத் தளரும்.

நான்கு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து ஓட்டையில் எதிரே ஓட்டை இருக்காது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மைய தூரத்தை 1.701 ஆல் பெருக்குங்கள். அந்த மைய தூரம் 67.2 மி.மீ. இருந்தால் பிசிடி 114.3, 65.8 இருந்தால் 112. ஸ்கேலை வைத்து உத்தேசமாக அளக்காதீர்கள், வெர்னியர் வேண்டும்.

அப்புறம் நடு ஓட்டை. அது ஹப்பை விடச் சிறியதாக இருந்தால் ரிம் ஏறவே ஏறாது. பெரியதாக இருந்தால் ஏறும், ஆனால் மையம் பிடிக்காமல் வண்டி ஆடலாம். இத்தனை அலைச்சலும் வேண்டாம் என்றால், உங்கள் காரின் அதே மாடலில் அலாய் இல்லாத அடிப்படை வேரியண்டின் ரிம்மைத் தேடுங்கள். நான் முதலில் சொல்வது அதைத்தான்.

கேள்வி: என் ரிம்மில் ஈடி 45 என்று இருக்கிறது. கிடைப்பது ஈடி 35. பரவாயில்லையா அண்ணா?

பதில்: ஈடி என்பது ரிம் ஹப்பில் ஒட்டும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற அளவு. அகலம் ஒன்றே என்றால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ஃபெண்டரில் உரசவில்லை என்றால் ஸ்டெப்னிக்குச் சமாளிக்கலாம். ஈடி கூடினால்தான் எனக்குப் பயம், ஏனென்றால் சக்கரம் உள்ளே போய் சஸ்பென்ஷனில் இடிக்கலாம். மாட்டியதும் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பிறகு ஜாக்கியை இறக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: காரில் 16 அங்குல அலாய். 15 அங்குல இரும்பு ரிம் வைக்கலாமா?

பதில்: ரிம்முக்குள் இருக்கும் பிரேக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடம் விட்டால் வைக்கலாம். முன்பக்கம் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டயரின் மொத்த உயரமும் பொருந்த வேண்டும். 195/55 ஆர்16, 185/65 ஆர்15 இரண்டுமே ஏறக்குறைய 621 மி.மீ. வரும், அதனால் அந்த ஜோடி ஒத்துப்போகும். டயரின் சுமை எண் (எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண்) மட்டும் குறையக் கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் சைஸ் மாறிய ஸ்டெப்னியே வேண்டாம்.

கேள்வி: அலாயின் போல்ட்டே இரும்பு ரிம்முக்கும் ஆகுமா?

பதில்: சில கார்களில் ஆகும், சிலவற்றில் ஆகாது. உட்காரும் இடம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்று பாருங்கள். ரிம்மும் போல்ட்டும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். இன்னொன்று, இரும்பு ரிம் மெல்லியது. அலாய்க்கான நீளப் போல்ட் அதிகம் உள்ளே போய் பிரேக் பாகத்தில் முட்டலாம். அப்படியானால் குட்டைப் போல்ட் ஒரு செட் வாங்கி ஸ்டெப்னிக் குழியிலேயே போட்டு வையுங்கள். ரொம்பக் குட்டையாகவும் கூடாது. 12 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. புரி இடைவெளி உள்ள போல்ட் குறைந்தது 8 சுற்றாவது உள்ளே போக வேண்டும்.

கேள்வி: பழைய ரிம் வாங்கினால் எதைப் பார்ப்பது?

பதில்: நடுத்தட்டும் வளையமும் சேரும் வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா, போல்ட் ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். மேல்துரு பெரிய விஷயமில்லை. டயர் உட்காரும் விளிம்பில் துரு அரித்திருந்தால் காற்று கசியும். டயரோடு வந்தால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்து வருடம் தாண்டிய டயர், பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: இடம் அடைக்காத ஒல்லி ஸ்டெப்னி எப்படி?

பதில்: டிக்கியில் இடம் இருந்தால் முழு சைஸே வாங்குங்கள். ஒல்லி டயருக்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ காற்று, மணிக்கு 80 கி.மீ.தான் எல்லை. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்டயர் பஞ்சரானால், பின்சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, ஒல்லியைப் பின்னால் மாட்டுங்கள். இரட்டை வேலைதான், ஆனால் இழுக்கும் இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்கு நல்லது.

கேள்வி: ஸ்டெப்னி மாட்டியதும் டயர் பிரஷர் விளக்கு எரிகிறதே?

பதில்: அதில் சென்சார் இருக்காது, அதனால்தான். பழைய சக்கரம் திரும்ப ஏறியதும் அணைந்துவிடும்.