ஐந்தாவது பெயர்

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் பொது மேலாளராக இருக்கிறேன். வரும் ஜூன் மாதம் 60 வயது நிறைந்து ஓய்வு பெறுகிறேன். சொந்த வீடு இருக்கிறது, பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அலுவலகம் இல்லாத காலைப்பொழுதை எண்ணினால் அடிவயிறு கலங்குகிறது. மகள் ஏற்பாடு செய்த ‘லைஃப் கோச்’ ஒருவரிடம் ஆறு அமர்வுகளில் மூன்றை முடித்துவிட்டேன். பதவி போன பிறகும் என்னைத் தேடி வரக்கூடிய ஐந்து பேரின் பெயரை எழுதும்படி சென்ற அமர்வில் சொன்னார். மனைவி, மகள், கல்லூரித் தோழர்கள் இருவர், ஐந்தாவதாக அலுவலகக் கார் ஓட்டுநர் என்று எழுதினேன். அவர் குடும்பத்தில் ஒருவர் போல. நங்கநல்லூரில் தம்பி வீட்டில் இருக்கும் என் அம்மாவுக்கு மாதாமாதம் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதுகூட அவர்தான். (செலவுக்கான பணம் ஒன்றாம் தேதி வங்கியிலிருந்து தானாகவே போய்விடும்.) பயிற்சியாளர் அந்த ஐந்தாவது பெயரை வட்டமிட்டு, பட்டியலை மறுபடி எழுதி வரச் சொன்னார். நல்ல பொழுதுபோக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவுவார் என்று போன எனக்கு இது அவமதிப்பாகப் பட்டது. இவரிடமே தொடரலாமா, வேறு ஒருவரைப் பார்க்கலாமா?
— ஒரு வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை-33

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம், இடம் கருதி மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். அந்த மூன்று பக்கத்திலும் உங்கள் அம்மாவின் வயது இல்லை, அவருக்கு என்ன நோய் என்பது இல்லை, அவரை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதும் இல்லை. இந்த மூன்றுக்கும் உங்கள் ஓட்டுநரிடம் விடை இருக்கும். அவர் குடும்பத்தில் ஒருவர் போல என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை செய்ய வேண்டிய வேலையை அவர் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறார் என்பதே சரியான விவரம். அந்தச் சம்பளமும் உங்கள் பையிலிருந்து போவதில்லை.

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, அதற்கடுத்த நிலையம் பழவந்தாங்கல், இறங்கினால் நங்கநல்லூர். இந்தத் தூரத்தைக் கடக்க உங்களுக்கு இத்தனை ஆண்டுகளாக நேரமில்லை என்பதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஜூன் மாதம் உங்களோடு சேர்ந்து அந்தக் காரணமும் ஓய்வு பெற்றுவிடுகிறது. அடிவயிறு கலங்குவதில் ஒரு பங்கு அதனால்தான் என்று நான் சந்தேகிக்கிறேன். காலை 9 மணிக்கு என்ன செய்வது என்று கேட்டு இந்தப் பகுதிக்கு எழுதுபவர்களில் பலருக்கு, செய்ய வேண்டிய வேலை ஒன்று ஏதோ ஒரு வீட்டில் காத்திருப்பதையும், அங்கே போக மனம் வராமல் அவர்கள் வீணை வகுப்பையும் மாடித் தோட்டத்தையும் விசாரித்துக்கொண்டிருப்பதையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றாம் தேதி பணம் போய்விடுகிறது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-இல் வந்த சட்டத்தின் முன் உங்களை நிறுத்தினால், உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று அது கேட்கும் எதிலும் குறை வைக்காதவர் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் அனுப்பமாட்டேன். பெற்றவளின் கட்டிலருகே வந்து உட்கார் என்று எந்தத் தீர்ப்பாயமும் உத்தரவு போடுவதில்லை. பிள்ளைக்குத் தானாகவே தெரிய வேண்டிய விஷயம் என்று அதை விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் கணக்கில் 60 வயது நிறைந்தவர் மூத்த குடிமக்கள். ஜூனில் நீங்களும் அந்த வரிசையில் வந்து நிற்கிறீர்கள். உங்கள் மகள் உங்கள் கலக்கத்தைக் கண்டதும் பக்கத்தில் உட்கார்ந்து பேசவில்லை. பணம் கட்டி ஓர் ஆளை ஏற்பாடு செய்திருக்கிறார். இதை அவர் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறீர்கள்?

இனி பயிற்சியாளர். இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் அரசு உரிமம் ஏதும் தேவையில்லை என்பதால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம், பொழுதுபோக்குப் பட்டியலை நீட்டிக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்கு வாய்த்தவர் மூன்றாம் அமர்விலேயே வலிக்கிற இடத்தில் விரலை வைத்திருக்கிறார். அவரை விடாதீர்கள், மீதி மூன்று அமர்வுகளையும் முடியுங்கள். ஆனால் ஓட்டுநரின் பெயரை அழித்துத் தம்பியின் பெயரை எழுதி அவரிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பெயரை அங்கே எழுதும் உரிமையை நீங்கள் இன்னும் சம்பாதிக்கவில்லை. (மனைவியின் பெயருக்கும் நான் அரை மதிப்பெண்தான் தருவேன். ஒரே வீட்டில் இருப்பவர் எங்கிருந்து தேடி வருவது?)

ஜூன் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஓய்வு பெற்றவரின் மனம் கடந்துபோகும் கட்டங்களை ராபர்ட் அட்ச்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-களில் வகுத்துக் காட்டினார்: தொடக்கத்தில் தேனிலவு போன்ற உற்சாகம், அது வடிந்ததும் ஏமாற்றம், அதன் பிறகே வாழ்க்கையை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முயற்சி. எல்லோரும் இதே வரிசையில் போவதில்லை என்றாலும் உங்களுக்கு இது எச்சரிக்கையாக உதவும். உற்சாகத்தில் பழக்கூடையோடு போய் நின்றாலும், ஏமாற்றத்தில் போக்கிடம் இல்லாமல் போய் உட்கார்ந்தாலும், அந்த வீட்டார் இரண்டையுமே கண்டுகொள்வார்கள். அலுவலகத்தில் நாற்காலி இருக்கும்போதே, விடுப்பு எடுத்துக்கொண்டு, காரை விட்டுவிட்டு, இந்த மாத மருந்தை நீங்களே வாங்கிக்கொண்டு ரயிலில் போங்கள். 60 நிறைந்த பிறகு மாநகரப் பேருந்தில் மாதம் 10 முறை இலவசமாகப் போவதற்கு டோக்கனும் தருகிறார்கள். பொது மேலாளராக இருந்தவன் என்று கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு முறை காபி வரும், பேச்சு வராது. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தம்பிக்கும் உங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததாலேயே ஏதோ இருக்கிறது என்று கொள்கிறேன், அதை அம்மாவின் முன்னால் எடுக்காதீர்கள். மருந்து வேளைகளுக்கு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டி, இத்தனை நாள் பார்த்துக்கொண்டவர்களுக்கே பாடம் நடத்தவும் வேண்டாம். உங்கள் தம்பியின் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்றாலும், உங்கள் அம்மாவுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். வாரத்தில் எந்த நாள் வெளியே போக முடியாமல் அவர் சிரமப்படுகிறார் என்று கேளுங்கள். அந்த நாளை உங்களுடையதாக எடுத்துக்கொண்டு, காலை 9 மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்து, அவர் திரும்பி வரும்வரை அம்மாவோடு இருங்கள்.

ஓட்டுநரின் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கட்டும். ஜூனுக்குப் பிறகு உங்கள் நிறுவனத்தில் அவருக்கு வேலை இருக்குமா என்று இதுவரை விசாரிக்கவில்லையென்றால் இந்த வாரமே விசாரித்து, ஆக வேண்டியதைச் செய்யுங்கள். அம்மாவின் மருந்துச் சீட்டு எங்கே இருக்கிறது என்பதையும் அவரிடமே கேளுங்கள். அநேகமாக அது காரின் டாஷ்போர்டில் இருக்கும்.