நார்ட்காப், ஒரு மரத் தேவாலயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜூலையில் நானும் மனைவியும் நார்வேயின் நார்ட்காப் போக நினைக்கிறோம். ஐரோப்பாவின் வட எல்லை அதுதான் என்று நம்பியிருந்தேன். பக்கத்திலேயே இன்னொரு முனை அதைவிட வடக்கே இருக்கிறதாம். வெறும் பாறைக்காக இத்தனை செலவு தேவையா? நள்ளிரவுச் சூரியன் கட்டாயம் தெரியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போய்வாருங்கள். மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை அங்கே சூரியன் மறையாது, ஆனால் கண்ணுக்குத் தெரிவது மேகத்தைப் பொறுத்தது. நான் போன அன்று மூடுபனி. 307 மீட்டர் உயரப் பாறையின் விளிம்பில் நின்றும் கடல் தெரியவில்லை. க்னீவ்ஷெலொட்டன் முனை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாக வடக்கே நீள்வது உண்மைதான். இரண்டுமே மாகெரோயா தீவில் இருப்பவை, தீவுகளைச் சேர்க்காத ஐரோப்பியப் பெருநிலத்தின் வட நுனி வேறு இடம். சரி, இந்தக் கணக்கை இதோடு விடுங்கள்.

‘வெறும் பாறை’ என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குக் கோபம். அந்தப் பாறைக்குப் போகும் வழியில் ஹொன்னிங்ஸ்வோக் என்று ஓர் ஊர் இருக்கிறது. கப்பலில் வருகிறவர்கள் அங்கே இறங்கிப் பேருந்தில் ஏறி, முனையில் படமெடுத்துக்கொண்டு கப்பலுக்கே திரும்பிவிடுகிறார்கள். 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை, துரத்திவரும் சோவியத் படைக்கு ஒதுங்க ஒரு கூரைகூடக் கிடைக்கக் கூடாது என்று அந்த ஊர் இருக்கும் ஃபின்மார்க் பகுதியை ஏறக்குறைய முழுவதும் எரித்துக்கொண்டே போனது. சுமார் 50,000 பேரை வீட்டைவிட்டுக் கிளப்பிவிட்டார்கள். ஹொன்னிங்ஸ்வோக்கில் எரியாமல் மிஞ்சியது 1885இல் கட்டிய தேவாலயம் ஒன்றுதான். போர் முடிந்ததும், அரசு பொறுங்கள் என்று சொல்லியும் பொறுக்காமல் மக்கள் வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர்கள் அந்தத் தேவாலயத்திலேயே படுத்துக்கொண்டு வீடு கட்டினார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாத ஊர், நண்பரே! சாம்பலைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்துக்கு, வேண்டாம் என்றவர்களையும் மீறித் திரும்பி வந்தவர்களின் மண்ணைத்தான் நீங்கள் வெறும் பாறை என்கிறீர்கள்.

மூடுபனியில் ஒன்றும் பார்க்காமல் திரும்பிய நான் அந்தத் தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்தேன். சின்னக் கட்டடம், வெள்ளை மரச்சுவர். இங்கே எத்தனை பாய் விரித்திருப்பார்கள், எங்கே அடுப்பு மூட்டியிருப்பார்கள், ராத்திரி எந்தக் குழந்தை அழுதிருக்கும் என்றே மனம் ஓடியது. எழுந்திருக்க மனமே வரவில்லை.

அதனால் ஹொன்னிங்ஸ்வோக்கில் இரண்டு இரவாவது தங்குங்கள். முதல் நாள் மேகம் மூடினாலும் மறுநாள் சூரியனைப் பார்க்க வாய்ப்பு உண்டு. அப்புறம், ஜூலைதானே என்று கம்பளியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்த விளிம்பில் காற்று எலும்புவரை இறங்கும்.

அன்புடன்