மேனேஜருக்கு எத்தனை முதலாளி? சங்க நிர்வாகம் பற்றி ஒரு கேள்வி பதில்

சங்கங்களில் நிர்வாகிகள் தேர்தலில் வந்து போவார்கள். சம்பளத்துக்கு இருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே வரும் உரசல் பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள். பதில் சொல்பவர் வணிகர் சங்கம் ஒன்றிலும் குடியிருப்போர் சங்கம் ஒன்றிலும் செயலாளராக இருந்தவர். சட்ட விவரங்கள் தமிழ்நாட்டில் பதிவான சங்கங்களுக்கானவை.

வணிகர் சங்க அலுவலக மேலாளர், ஈரோடு: ஐயா, எங்கள் செயற்குழுவில் 15 பேர். காலையில் தலைவர் ஒரு வேலை சொல்வார், கொஞ்ச நேரத்தில் பொருளாளர் அதை நிறுத்தச் சொல்வார், மதியம் இன்னொருவர் தன் கடை ஜிஎஸ்டி கோப்பைக் கொண்டுவந்து வைப்பார். யார் சொல்வதைக் கேட்பது?

செயலாளர் சொல்வதை. உங்கள் துணை விதிகளில் வேறு பொறுப்பாளரைக் குறித்திருந்தால் அவர் சொல்வதை. எப்படியும் ஒருவர்தான்.

செயற்குழுவுக்கு அதிகாரம் இருப்பது அது கூடித் தீர்மானம் போடும்போது. கூட்டம் முடிந்து படி இறங்கிய பிறகு, தனிப் பொறுப்பு எதுவும் ஒப்படைக்கப்படாதவர்கள் உங்களுக்கு உத்தரவு போட முடியாது. இதை ஏற்றுக்கொள்ளத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. அதிலும் சொந்தத் தொழில் செய்பவர்கள், கடையில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் ஓடிவந்து பழகியவர்கள். சங்கத்திலும் அதையே எதிர்பார்ப்பார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், பழக்கதோஷம்.

இதை நீங்களே நேருக்கு நேர் சொன்னால் உங்கள் வேலைக்குத்தான் ஆபத்து. அதனால் செயலாளரிடம் பேசி ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள்: அலுவலக வேலை எல்லாம் செயலாளர் வழியாகவே வரும், ஊழியரிடம் யாரும் சொந்த வேலை கொடுக்கக் கூடாது, குறை இருந்தால் செயலாளரிடம் சொல்ல வேண்டும், ஊழியரைக் கூப்பிட்டுத் திட்டக் கூடாது. இது மினிட் புத்தகத்தில் ஏறிவிட்டால், அடுத்த முறை ஜிஎஸ்டி கோப்போடு வருபவரிடம் "செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், செஞ்சிடறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். பெரும்பாலானவர்கள் அதோடு கோப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

தலைவருக்கும் செயலாளருக்குமே ஆகாது என்றால் தீர்மானம் உங்களைக் காப்பாற்றாது. அப்போது ஒவ்வொரு வேலையையும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்.

புதிய செயலாளர், மதுரை: எங்கள் அணி இப்போதுதான் ஜெயித்து வந்திருக்கிறது. ஆபீஸ் கிளார்க் பழைய தலைவரின் ஆள். இங்கே பேசுவதெல்லாம் அங்கே போகிறது. மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். யார் எத்தனை வருடச் சந்தா பாக்கி, எந்த வங்கி டெபாசிட் எப்போது முதிர்கிறது, கட்டட வரி ரசீது எந்த பீரோவில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பழைய தலைவர் போனில் கேட்டதற்குப் பதில் சொல்வது ஒன்று, கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவது வேறு. நடப்பது எது என்று முதலில் பாருங்கள். "வெளியே போகக் கூடாதது இன்னது" என்று அவரிடம் நீங்கள் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியும் மீறினால் விளக்கம் கேட்டு, பதிலைப் பார்த்து, செயற்குழுவில் வைத்து முடிவெடுங்கள்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆள் மாற்றும் சங்கத்தில் புதிதாக வருபவரும் அடுத்த தலைவர் யார் என்று பார்த்துக் காக்கா பிடிக்கத்தான் செய்வார்.

இப்போதைக்குப் பழைய நிர்வாகிகளிடம் ஆவணங்கள், சாவிகள், பாஸ்வேர்டுகள் அனைத்தையும் பட்டியல் போட்டுக் கையெழுத்தோடு வாங்குங்கள். நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வங்கியில் கையெழுத்தை மாற்றுங்கள். கிளார்க் விஷயம் அப்புறம்.

குடியிருப்போர் சங்க உறுப்பினர், தாம்பரம்: ஒரே தலைவர் மூன்றாவது முறையாக வந்துவிட்டார். சட்டத்தில் தடை இல்லையா?

1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அவரே திரும்பத் தேர்தலில் நின்று ஜெயிக்கலாம். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அதே பதவி கூடாது என்று வேண்டுமானால் துணை விதியைத் திருத்துங்கள். அதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு. திருத்தத்தைப் பதிவாளரிடமும் பதிவு செய்ய வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடந்த தேர்தலில் எதிர்த்து யாராவது மனு போட்டார்களா? பல இடங்களில் அந்த நாற்காலிக்கு வேறு ஆளே வருவதில்லை.

அதே சங்கத்தின் இன்னொரு உறுப்பினர்: வாட்ஸ்அப் குழுவில் வாட்ச்மேனைப் படத்தோடு போட்டுத் திட்டுகிறார்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

அந்தப் பதிவை அட்மின் உடனே நீக்க வேண்டும். தூங்கினார் என்பது புகார் என்றால் அதைச் செயலாளருக்குத் தனியாக அனுப்பலாமே. பதில் சொல்லவே வழியில்லாத ஒருவரை நூறு பேர் முன்னால் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டை இரட்டிப்பாகப் பார்க்கிறாரா என்றும் விசாரியுங்கள். மாற்று ஆள் வராத நாளில் அதுதான் நடக்கிறது.

அலுவலகப் பணியாளர், கோவை: ஐயா, நாங்கள் ஆறு பேர் வேலை செய்கிறோம். துணைத் தலைவர் ஒருவர் ராத்திரி நேரத்தில் தப்பான மெசேஜ் அனுப்புகிறார். சொன்னால், "பெரிய நன்கொடையாளர், பேசித் தீர்த்துக்கலாம்" என்கிறார்கள்.

அம்மா, மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 சங்கங்களுக்கும் பொருந்தும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் சங்கமே உள்ளகப் புகார்க் குழு வைத்திருக்க வேண்டும். அதற்குத் தலைமை ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உங்கள் அலுவலகம் சிறியது என்பதால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

"பேசித் தீர்ப்பது" பற்றி: சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே. பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டம் ஏற்காது. தலைவரோ நன்கொடைக் கணக்கோ இதில் குறுக்கே வர முடியாது.

தமிழ்ச் சங்கச் செயலாளர், பெயர் வேண்டாம் என்றவர்: இளைஞர்கள் யாரும் பொறுப்புக்கு வருவதில்லை.

வந்தால் என்ன வேலை கொடுக்கிறீர்கள்? நாற்காலி போடுவதும் போஸ்டர் டிசைன் செய்வதும்தானே. பொங்கல் விழாவை முழுக்க அவர்களிடம் விடுங்கள்: பட்ஜெட், பேச்சாளர், சாப்பாடு எல்லாம். செலவு கணக்கை மட்டும் பொருளாளர் பார்க்கட்டும். பட்டிமன்றம் வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தால் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அது முடியுமா என்று யோசித்துவிட்டு அவர்களைக் கூப்பிடுங்கள்.