மாட்டுக் கண்ணில் பூ: உப்பை ஊதலாமா?

கேள்வி: ஐயா, என் ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு நாலு நாளாக இடது கண்ணில் நீர் வடிகிறது. வெயிலில் கண்ணே திறப்பதில்லை. நேற்று கருவிழி நடுவில் வெள்ளையாகப் பூ விழுந்திருக்கிறது. இன்று கிடேரிக்கும் நீர் கட்டுகிறது. உப்பை ஊது என்கிறார்கள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து மீதி இருக்கிறது, விடலாமா? (ஒடுகத்தூர் விவசாயி)

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு தரும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். கருவிழியில் புண் இருக்கும்போது அது பட்டால் புண் ஆறாது, ஓட்டையே விழலாம். உப்பும் எருக்கம்பாலும் வெந்த புண்ணில் வேல். உப்பு ஊதிக் குணமானது என்பவர்களின் மாட்டுக்கு லேசான புண் தானாக ஆறியிருக்கும். பேர் மட்டும் உப்புக்குப் போயிருக்கும்.

ஒரு மாட்டுக்கு மட்டும் என்றால் வைக்கோல் துரும்போ கண் புழுவோ என்று முதலில் பார்க்கச் சொல்வேன். கிடேரிக்கும் வந்துவிட்டதால் தொற்று என்றே தோன்றுகிறது. மாடுகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் மொராக்செல்லா போவிஸ் என்ற பாக்டீரியா. மயிர் போன்ற இழைகளால் கருவிழியைப் பற்றிக்கொண்டு நஞ்சால் அரிக்கும். வேலூர் வெயிலும் புழுதியும் கண்ணை நோகடித்து அதற்கு வழி விடுகின்றன. ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குக் கொண்டுபோவது ஈ.

களிம்பு போட்டால் கண்ணீரோடு போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவையாவது போட வேண்டும். அதனால் நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசிதான் எனக்குப் பிடித்த வழி. கிலோ எடைக்கு 20 மி.கி. கணக்கு. ஒரு மி.லி.யில் 200 மி.கி. உள்ள மருந்து என்றால் 300 கிலோ பசுவுக்கு 30 மி.லி. வரும். ஒரே இடத்தில் ஏற்றாமல் பிரித்துத் தசையில் போடுவார்கள். தேவைப்பட்டால் மூன்றாம் நாள் இன்னொன்று. இதை மருத்துவர்தான் போட வேண்டும். மருந்துப் பெட்டியில் போட்டிருக்கும் நாள் முடியும் வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.

இரண்டையும் மற்ற மாடுகளிடமிருந்து பிரித்து நிழலில் கட்டுங்கள். நல்ல மாட்டைக் கவனித்த பிறகே நோய் மாட்டைத் தொடுங்கள். சாணியை உடனே அள்ளிவிட்டால் ஈ குறையும். ஆடு இருந்தால், அதன் கண்நோய்க்குக் கிருமியே பெரும்பாலும் வேறு. இதே மருந்தை நீங்களாகப் போடாதீர்கள்.

சில நாளில் ஓரத்திலிருந்து சிவப்பு நரம்புகள் பூவை நோக்கி ஓடும். பலரும் இதைப் பார்த்துத்தான் பயந்துபோய் ஓடி வருவார்கள். உண்மையில் அது ஆறுகிற அறிகுறி. கடைசியில் சின்னத் தழும்பு நிற்கலாம். ஊசி போட்டு ஐந்து நாளாகியும் சீழ் கெட்டியாக வந்தால், கண்ணிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிக்கக் கேளுங்கள். ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) கெட்டுப்போய் அதைத் தின்றாலும் அரிதாக லிஸ்டீரியா என்ற கிருமி கண்ணைத் தாக்கும். நடுவில் கூம்பு மாதிரி புடைத்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழையுங்கள்.