டீலியா டார்பிஷயரின் ரீல்களும் நம் கையில் உள்ளவையும்: கேள்வி பதில்

சேலம் வாசகர்: சார், மறைந்த ஒரு மின்னணு இசையமைப்பாளரின் ரீல்கள் எங்களிடம் வந்திருக்கின்றன. முதலில் ஓட்டிக் கேட்டுவிடலாமா?

வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். பிபிசியின் மின்னணு ஒலிப் பிரிவான ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த டீலியா டார்பிஷயர் 2001-இல் காலமானார். அவர் வீட்டுப் பரணில் காலைச் சிற்றுண்டி அட்டைப்பெட்டிகளில் 267 டேப்புகள் இருந்தன. பசை காய்ந்து பல லேபிள்கள் உதிர்ந்துபோயிருந்தன. உதிர்ந்த சீட்டு எந்த ரீலுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுகூடத் தடயம்தான். கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

கோவை வாசகர்: பெட்டியைத் திறந்தாலே வினிகர் வாடை அடிக்கிறது.

அது அசிடேட் டேப், அதாவது அசிடேட் பிளாஸ்டிக்கில் செய்த பழைய வகை. சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் சந்தேகமே வேண்டாம். மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். டிஜிட்டலாக்கும் வரிசையில் இவற்றுக்கே முதலிடம்.

மதுரை வாசகி: பிசுபிசுக்கும் டேப்பை ஓவனில் சூடுபடுத்தலாம் என்கிறார்களே, அண்ணா?

அது பாலியஸ்டர் டேப்புக்கு மட்டும். 70-களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப் வகைகளில் பைண்டர், அதாவது காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை, ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். சுமார் 54 டிகிரியில் பல மணி நேரம், சீரான சூடு வேண்டும். சமையலறை ஓவன் சரிப்படாது. அசிடேட்டைச் சூட்டில் வைத்தால் பாழாகிவிடும்.

யாழ்ப்பாணத்து வாசகர்: சரியான வேகம் எதெண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்த வேலையில் கடினமானதும் எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். பாட்டென்றால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். 1963-இல் ரான் கிரெய்னர் இசையமைத்த ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை டீலியா உருவாக்கியபோது, மீட்டிய ஒற்றைக் கம்பியின் ஒலியை வெவ்வேறு வேகத்தில் ஓட்டி, ஸ்வரம் ஸ்வரமாக வெட்டி ஒட்டினார். அப்படிப்பட்ட மூலத்துண்டு வினாடிக்கு 19 செ.மீ. வேகத்திலும் இயல்பாக ஒலிக்கும், 38-இலும் இயல்பாக ஒலிக்கும். தலைகீழாக ஓடினாலும் காது ஏற்றுக்கொள்ளும்.

அப்போது அடியில் கேட்கும் மின்சார ரீங்காரத்தைப் பாருங்கள். பிரிட்டனில் அது 50 ஹெர்ட்ஸ். 50 இல்லாமல் 100-இல் மட்டும் இருந்தால் ஒலி இரட்டிப்பு வேகத்தில் ஓடியிருக்கலாம். ஆனால் அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள்: அந்த வேகமாற்றத்தை இசையமைப்பாளரே செய்து பிரதி எடுத்திருக்கலாம். 50-உம் 100-உம் சேர்ந்தே கேட்பது சாதாரண ரீங்காரத்திலும் உண்டு; அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ரீலின் தொடக்கத்தில் சோதனை ஒலியோ அறிவிப்புக் குரலோ இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள்.

சேலம் வாசகர்: அப்படியானால் இரைச்சலை நீக்கவே கூடாதா?

மூலப் பிரதியில் கூடவே கூடாது. இப்போது சொன்ன தடயமே அழிந்துவிடும். டேப்பைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தை ஒவ்வொரு ரீலுக்கும் சரிசெய்து, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக அப்படியே எடுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் நகலில். ஒட்டு விட்டுப்போயிருந்தால் துண்டுகளின் வரிசையைக் குறித்துக்கொண்டு, இதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப்பால் மட்டும் ஒட்டுங்கள். சாதா செலோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றையும் கெடுக்கும்.

சென்னை வாசகி: நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர், மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியோடு ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்டோர் அங்கே பதிவுசெய்த ரீல்களை இசைக்கலைஞர் பால் பர்கஸ் அந்த நிறுவனத்திலேயே கண்டெடுத்தார். அவற்றிலிருந்து தேர்ந்த பதிவுகள் 2023-இல் வெளிவந்துவிட்டன. அவசியம் கேளுங்கள்.